கருமணி வைத்த நாற்பது கண்கள்

மூன்று வருடங்களுக்கு முன், ஆடி மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை, மாலை நாலரை மணி இருக்கும். விருத்தாசலத்தில் நான் வேலை பார்க்கும் கல்யாணப் பத்திரிகைக் கடையில் அன்று ஒரு ஆள் கூட இல்லை. ஆடியில் யார் பத்திரிகை அடிக்க வருவார்கள்? அந்த ஓய்வில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அது சரியா தவறா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் ஓரகத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் அவரை அக்கா என்றும் அவர் கணவரை மாமா என்றும்தான் கூப்பிடுவேன். எங்களுக்கு ஒரே வாசல், இரண்டு சமையல். பீங்கான் பொம்மை செய்யும் ஒரு யூனிட்டில் அக்கா கண் எழுதுகிறார். சூளையில் வெந்து வரும் பொம்மைக்கு உடை, நகை, உதடு எல்லாம் நாலைந்து பேர் பூசுவார்கள். கண்ணுக்கு மட்டும் அக்காதான். கண் கோணினால் பொம்மையே போச்சு.

தினமும் காலையில் பொம்மையைத் தொடுவதற்கு முன், கை பழகுவதற்காகப் பழைய செய்தித்தாளில் வரிசையாகக் கண்களை எழுதிப் பார்ப்பார். மதியம் சாப்பிட்டதும் எண்ணெய் வழியாமல் டிபன் டப்பாவைச் சுற்றிக்கொண்டு வருவது அந்தத் தாளில்தான். எனக்கு எதையும் தேதி போட்டு எடுத்து வைக்கும் பழக்கம் உண்டு. தெருவுக்குப் புதுக் குழாய் வந்த நாள், எதிர்வீட்டு முருங்கை முறிந்த நாள் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் கண் தாள்களையும் ஆறு வருடமாகச் சேர்த்து வந்தேன். தாளின் தலையில் இருப்பது செய்தித்தாளின் தேதி, அக்கா எழுதிய தேதி அல்ல என்பதால், கீழே பென்சிலால் சரியான தேதியையும் குறித்து வைப்பேன்.

அந்த வருடம் ஒரு கட்டுரையில் புதுவிதமான ஒரு வியாபாரத்தைப் பற்றிப் படித்தேன். நாம் ஒரு படத்தை இணையதளத்தில் ஏற்றிவிட்டால் போதும். யாராவது கேட்டால் அந்த நிறுவனமே டீ ஷர்ட்டிலோ குவளையிலோ பையிலோ அச்சிட்டு அனுப்பிவிடும். நாம் முதல் போட வேண்டாம், சரக்கு வாங்கி அடுக்க வேண்டாம். விற்றால் நமக்கு ஒரு சிறு பங்கு. எனக்கு உடனே கண் தாள்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. அக்காவிடம் கேட்டேன்.

“குப்பதான அது. போட்டுக்கோ” என்றார், கீரை ஆய்ந்துகொண்டே.

அனுமதி வாங்கினேன் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். ஆனால் எதற்கு வாங்கினேன் என்பதுதான் பிரச்சினை.

நான் தேர்ந்தெடுத்த தாளில் நாற்பத்தொரு கண்கள் இருந்தன. புருவம், இமை, கண்ணோரத்து வால் எல்லாம் கோடு கோடாக அத்தனை அழகு. ஆனால் ஒன்றிலும் கருமணி இல்லை. அக்கா பயிற்சித் தாளில் ஒருநாளும் கருமணி வைத்ததில்லை. ஆறு வருடம் சேர்த்த எனக்கு அது ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. மை வீணாகாமல் இருக்க என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டரில் படத்தைக் குவளை மேல் வைத்துப் பார்த்தபோது குருட்டுக் கண்கள் போல இருந்தது. அரைகுறையாக எதையும் விட எனக்கு மனசு வராது. ஒவ்வொரு கண்ணிலும் நடுவில் ஒரு கருமணி வைத்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு கண்ணை மட்டும் விட்டுவிட்டேன் என்பது ஏற்றிய பிறகுதான் தெரிந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் எதிர்பார்க்கவே இல்லை, அது விற்றது. பெங்களூரு, புனே, கொச்சி என்று ஊர் பேர் மட்டும் வரும். வாங்கியவர் யார், அச்சு நன்றாக விழுந்ததா, குவளை உடையாமல் போய்ச் சேர்ந்ததா, எதுவும் நமக்குத் தெரியாது. ஒருவர் மட்டும் கருத்து எழுதியிருந்தார்: ஆபீஸில் இந்தக் குவளையை வைத்துவிட்டுப் போனால் யாரும் தொடுவதில்லையாம், அத்தனை கண்ணும் முறைக்கிற மாதிரி இருக்கிறதாம். அதை அக்காவிடம் படித்துக் காட்டிச் சிரிக்கலாம் என்றுதான் ஆவணி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுப் பக்கம் போனேன்.

அக்கா சிரிக்கவில்லை. படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“கருமணி யாரு வெச்சது?”

“நான்தாங்க்கா.”

“நட்ட நடுவுல வெச்சிருக்கிற. அதான் முறைக்குது” என்றார். படத்தை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துவிட்டு, “உடம்பு எங்க இதுங்களுக்கு?” என்றார்.

அப்போதுதான் சொன்னார். கண் என்பது கருமணி வைத்த பிறகுதான் கண். அதுவரை கோடு. கருமணி வைப்பதற்கு முன் பொம்மை முழுசாக முடிந்திருக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு வைத்துவிட்டால் மறு கண்ணுக்கும் வைக்காமல் எழுந்திருக்கக் கூடாது. சாப்பாட்டு மணி அடித்தாலும் முடித்துவிட்டுத்தான் எழுவார். அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்கள் அப்படித்தான் சொன்னார்களாம். முகமில்லாத கண்ணைத் திறந்துவிட்டால் அது எதைப் பார்க்கும், யாரைத் தேடும் என்று கேட்டார். 

“அக்கா, இது சும்மா படம்தான.”

“நான் மட்டும் இன்னா, சாமியா செய்யிறேன்? பொம்மதான்” என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும்.

மறுநாள் திங்கட்கிழமை யூனிட்டில் அவர் கை ஆடியது. மூன்று லட்சுமி பொம்மைகளுக்கு இடது கண் கருமணி விலகிவிட்டது. செவ்வாயன்றும் அப்படியே. புதனன்று வேலைக்குப் போகவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கையை நீட்டச் சொன்னார், விரலை மடக்கச் சொன்னார், சத்துக் குறைவாக இருக்கலாம் என்று மாத்திரை எழுதினார். இருக்கலாம். எனக்கும் அதுவே காரணமாக இருந்துவிட வேண்டும் என்று ஆசை.

நவராத்திரிக்குப் போகும் சரக்கு அது. புரட்டாசி பிறப்பதற்குள் லாரி ஏற்ற வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் யூனிட் சூப்பர்வைசர் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

“யக்கா, பலக பலகயா பொம்ம நிக்குது. ஒண்ணுத்துக்கும் கண்ணு இல்ல. ஆனா எல்லாம் என்னயே பாக்குற மாதிரி இருக்குது” என்றார். “நானே ஒரு புள்ளையாருக்கு வெச்சிப் பாத்தேன். ஒன்றரக் கண்ணாயிடுச்சு. அந்தப் புள்ளையாரு இப்ப என் டேபிள்லதான் இருக்காரு. பேப்பர் பறக்காம இருக்க.”

அக்கா லேசாகச் சிரித்தார். சூப்பர்வைசர் கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: “திங்கக்கிழம வரைக்கும் பாப்பாரு ஓனரு. அப்புறம் பண்ருட்டிப் பக்கத்துலருந்து ஆள எடுத்துடுவாரு. வந்த ஆளு சும்மா திரும்பிப் போவாதுங்க.”

பதினெட்டு வருடமாக அக்கா உட்கார்ந்த இடம் அது. திங்கட்கிழமைக்கு நாலு நாள் இருந்தது.

அன்றைக்கே கடைக்குப் போய்ப் படத்தை நீக்கினேன். நீக்குவது சுலபம், ஒரு பொத்தான்தான். ஆனால் ஏற்கெனவே கேட்டவர்களுக்கு அச்சிட்டு அனுப்பத்தான் செய்வோம் என்று அறிவிப்பு வந்தது. விற்றுப்போனதைத் திரும்ப வாங்கவும் வழியில்லை. யாருக்குப் போனது என்றே எனக்குச் சொல்லமாட்டார்களே. பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் தப்பாகிவிட்டால் ஓடிப்போய்க் கட்டு முழுவதையும் திரும்ப வாங்கிக்கொண்டு வந்த அனுபவம் எனக்கு உண்டு. இங்கே ஓடுவதற்குத் திசை இல்லை.

சனிக்கிழமை இன்னொன்று தெரிந்தது. ஒரு சந்தேகத்தில் அந்தப் படத்தைக் கொடுத்து இணையத்தில் தேடினேன். வேறொரு தளத்தில், வேறு யாரோ, அதே கண்களைத் தலையணை உறையில் விற்றுக்கொண்டிருந்தார்கள். இதே போல வேறொருவர் வரைந்ததாக இருக்கக் கூடாதா என்று பார்த்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு கண்ணுக்குக் கருமணி இல்லை. என்னுடையதேதான்.

புகார் செய்யப் படிவம் இருந்தது. பூர்த்தி செய்துகொண்டே வந்து ஒரு கேள்வியில் நின்றுவிட்டேன்: இந்தப் படைப்பின் உரிமையாளர் நீங்கள்தானா? கண்களை எழுதியது அக்கா. கருமணி வைத்தது நான். தாளை இத்தனை வருடம் காப்பாற்றியது நான். அவரோ அதைக் குப்பை என்று கொடுத்தவர். நான் உரிமையாளர் என்றால் பொய். அக்கா என்று எழுதினால் அவர் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்குப் போனால் இந்தத் தலையணை உறையைக் காட்ட வேண்டும். எத்தனையோ படித்திருக்கிறேன் என்று ஒரு நினைப்பு எனக்கு. அந்த ஒரு வரிக்குப் பதில் எழுத எந்தப் படிப்பும் உதவவில்லை. படிவத்தை மூடிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணி. அக்கா குளித்து, தலை பின்னி, வாசலில் நின்றார். டிபன் டப்பா கையில் இருந்தது. போகிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

“எல்லாத்தயும் எடுத்துட்டியாம்மா?”

“எடுத்துட்டேங்க்கா.”

“எங்கியும் இல்லயே?”

“இல்லங்க்கா. எங்கியும் இல்ல.”

என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். “சரி, போயிட்டு வரேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அன்று கை ஆடவில்லை. ஐந்து நாள் மாத்திரை வேலை செய்ததா, என் பொய் வேலை செய்ததா என்று நான் யாரிடம் கேட்பது? அந்த வாரம் முழுக்க இருட்டும் வரை இருந்து எழுதினார். சரக்கு நாள் தவறாமல் லாரி ஏறியது. நான் மட்டும் வாரத்துக்கு ஒருமுறை அந்தத் தலையணை உறை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தது. பிறகு பையாகவும் வந்தது.

அடுத்த மாசி மகத்துக்கு இரண்டு நாள் கழித்து, விருந்தாளிகள் எல்லாம் போன பின், இருவரும் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தோம். அக்கா ஒரு தாளை நீட்டினார். செய்தித்தாள் இல்லை, வெள்ளைத் தாள். வரிசையாகக் கண்கள், ஒன்றிலும் கருமணி இல்லை.

“இத போடு அதுல. நீ ஒண்ணும் வெக்காத. இப்டியே போடு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “இன்னாக்கா திடீர்னு?”

“அந்தப் பழசு மட்டும் ஊரெல்லாம் சுத்திக்கிட்டு இருக்குது. எம் பேருல நல்லதா ஒண்ணு இருக்கட்டும்.”

கையிலிருந்த தட்டை வைத்துவிட்டேன். அப்போதுதான் சொன்னார். யூனிட்டில் நகை எழுதும் பெண் ஒருத்தி, நான் போனைக் காட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமையே, நான் கண்டுபிடிப்பதற்கு ஆறு நாள் முன்பே, தலையணை உறைப் படத்தை அக்காவுக்கு அனுப்பியிருக்கிறாள். உங்கள் கண் மாதிரியே இருக்கிறது என்று. அக்காவுக்கு எல்லாம் தெரியும். வாசலில் நின்று என்னைக் கேட்டபோதும் தெரியும்.

“தெரிஞ்சிகிட்டே ஏங்க்கா கேட்டீங்க?”

“வேலக்கிப் போவணுமே” என்றார். “யாராச்சும் இல்லன்னு சொன்னா போவலாம்னு இருந்துச்சு. உங்க மாமாவக் கேட்டேன், எனக்கு இன்னா தெரியும்னுட்டாரு. நீ சொன்ன.”

“நான் சொன்னது பொய்யின்னு தெரியுமே உங்களுக்கு.”

“தெரியும். கண்ணு ரெண்டும் அலபாஞ்சிது உனக்கு” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.  அடுக்கிய பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

புதுத் தாளை அவர் சொன்னபடியே ஏற்றினேன். ஒரு கோடு கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. உரிமையாளர் என்ற இடத்தில் அக்கா பெயரைப் போட்டு, கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறேன். இதுவரை ஒரே ஒரு குவளை விற்றிருக்கிறது. வாங்கியது நான். அக்கா அதைக் கவிழ்த்து, நகத்தால் தட்டி, காதில் வைத்துக் கேட்டு, “நல்லா வெந்துருக்குது” என்றார்.  நான் தப்பாக வைத்த நாற்பது கருமணியும் அந்த யாரோ ஒருவர் கடையில் இன்றும் விற்கின்றன.

கடைக்கு வரும் படம் வரையும் பிள்ளைகள் இந்த வியாபாரத்தில் இறங்கலாமா என்று என்னைக் கேட்கிறார்கள். முதல் வேண்டாம், வீட்டில் இருந்தே செய்யலாம், முன்பின் தெரியாதவர்கள் பாராட்டுவார்கள் என்று சொல்கிறேன், அதெல்லாம் நிஜம். கையை விட்டுப் போனது போனதுதான் என்றும் சொல்கிறேன், அதுவும் நிஜம். ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலை, பொய் என்று தெரிந்தே ஒருவர் என் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனாரே, அப்போது நான் அவரை ஏமாற்றினேனா, அவருக்குக் கை கொடுத்தேனா என்பது மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை, அன்றிலிருந்து யாராவது என்னிடம் “ஒண்ணும் இல்லயே?” என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன் அவர்கள் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துக்கொள்கிறேன்.