சிவப்பு மையில் ஒரு அபிப்பிராயம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதைச் சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. பயமும் அதே வேகத்தில் வரும் என்பதைத்தான் இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் பொன்னமராவதியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. ஒரு வீட்டின் முன்பக்க அறையில் தனியாக வாடகைக்குக் குடியிருந்தேன். போதாக்குறைக்குக் கையில் எந்நேரமும் கதைப் புத்தகம். ஊர் பேசுவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனாலும் தெருப் பெண்கள் என்னிடம் ஒட்டிக்கொண்டார்கள். எல்லாம் அந்தத் தொடர்கதையால்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுக்கோட்டை பஸ்ஸில் வாரப் பத்திரிகை வந்து இறங்கும். நான் வாங்குகிற ஒரு பிரதிதான் ஏழு வீட்டுக்கும் போகும். கதை முடிந்ததும் அந்தப் பக்கங்களை மட்டும் கழற்றி அடுக்கி, புதுக்கோட்டைக்குக் கொடுத்தனுப்பி பைண்டு பண்ணி வாங்குவோம். பைண்டு பண்ணுகிறவர் பின்னால் நாலைந்து வெள்ளைத்தாள் சேர்த்துத் தைப்பார். படித்தவர்கள் அந்தத் தாளில் தங்கள் அபிப்பிராயத்தை எழுத வேண்டும். எங்கள் தெருவின் சட்டம் அது. பேர் போடக் கூடாது. பென்சிலில்தான் எழுத வேண்டும். வீட்டு ஆண்கள் புரட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தால் சட்டென்று அழித்துவிடலாம், அதற்காக.

அந்தக் கதையில் ஒரு துறைமுக ஊர். அங்கே தனியாக இருக்கும் ஒரு டெலிபோன் ஆபரேட்டர் பெண். பக்கத்து வீட்டில் கடிகாரம் பழுது பார்க்கிற ஒருவன். இரண்டு பேருக்கும் பார்வையிலேயே பழக்கம், அதிகம் பேசினதுகூட இல்லை. ஒரு நாள் அவனுடைய கூட்டாளி செத்துக் கிடக்கிறான். போலீஸ் தேடுகிறது. கொட்டுகிற மழையில் அவன் வந்து இவள் கதவைத் தட்டுகிறான். இவள் ஒரு கேள்வி கேட்காமல் கதவைத் திறந்து, மூன்று நாள் உள்ளே ஒளித்து வைக்கிறாள். அவன் கொலைகாரனா இல்லையா என்பது கடைசி வாரம் வரைக்கும் நமக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அடேயப்பா, அந்தக் கதை வந்த மூன்று மாதமும் எங்கள் தெருவில் எத்தனை குழம்பு அடிபிடித்தது தெரியுமா!

கடைசியில் அவன் நல்லவன் என்று ஆயிற்று. ஆனால் சண்டை அதோடு தீரவில்லை. அவன் நல்லவனாகவே இருக்கட்டும், அது தெரியாமல் அவள் கதவைத் திறந்தது சரியா தப்பா? தெரு இரண்டாகப் பிரிந்துவிட்டது. திறந்த கட்சி, சாத்தின கட்சி என்று நான்தான் பேர் வைத்தேன். வெள்ளைத்தாளில் பென்சில் எழுத்து நிறைந்தது. ‘இதை எழுதியவருக்கு அக்கா தங்கை கிடையாது போலிருக்கிறது’ என்று ஒருத்தி எழுதினாள். ‘உலை வைத்துவிட்டுப் படித்தேன், சோறு குழைந்துவிட்டது, கதை மட்டும் வேகவில்லை’ என்று இன்னொருத்தி. நான் திறந்த கட்சிக்குத் தலைவி. ‘பயந்தவளுக்குக் காதலிக்க வக்கில்லை’ என்று அழுத்தி எழுதினேன். எழுதிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சாத்தின கட்சிக்குத் தலைவி மருந்துக்கடைக்காரர் மனைவி. அவருடைய வீட்டுக்காரர் எங்கள் பள்ளிக்கூடக் கமிட்டியில் இருந்தார். அந்த அம்மாவின் தம்பி புதுக்கோட்டையில் ஒரு ஆபீஸில் கிளார்க். அந்தத் தம்பிக்கு என் எதிர்வீட்டுப் பெண்ணைப் பேசி முடித்து, பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அப்போது இருபது வயதிருக்கும். மத்தியானத்தில் என் அறைக்கு வந்து படித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு இந்தச் சம்பந்தம் பிடித்துப்போனதற்கு ஒரே ஒரு காரணம்தான். பெண் பார்க்க வந்த அன்றைக்கு மாப்பிள்ளை இவளிடம் பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று கேட்கவில்லையாம். “என்ன படிப்பீங்க?” என்று கேட்டாராம். “அத்தனை பேர் முன்னாடி கேட்டாங்க டீச்சர், எனக்கு அழுகையே வந்திருச்சு” என்று அதையே பத்துத் தடவை சொல்லிவிட்டாள். நானும் பத்துத் தடவை புதிதாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

ஒரு சனிக்கிழமை புத்தகம் அவள் முறைக்கு வந்திருந்தது. என் அறையில் உட்கார்ந்து முடித்தவள், என் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தாள். நான் நோட்டுத் திருத்துகிற பேனா. சிவப்பு மை.

“ஏய், பென்சில்ல எழுது” என்றேன்.

“அழிச்சிட்டா எழுதி என்ன டீச்சர்?” என்று சிரித்தாள். ‘நம்பின பிறகு கேள்வி கேட்க என்ன இருக்கிறது? நானாக இருந்தாலும் கதவைத் திறந்திருப்பேன்.’ அவ்வளவுதான் எழுதினாள். மை உலர ஊதிவிட்டு, “யார்ட்டயும் சொல்லிராதீங்க” என்றாள்.

“போடி, நான் எதுக்குச் சொல்றேன்” என்றேன்.

மறு சனிக்கிழமை மருந்துக்கடைக்காரர் வீட்டில் நாலைந்து பேர் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தோம். எதிர்வீட்டுப் பெண் வரவில்லை, நாத்தனாராகப் போகிறவர் வீட்டுக்கு இப்போதே எப்படி வருவாள்? அந்த அம்மா புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர் கடைசித் தாளில் நின்றுவிட்டார். மெதுவாக வாசித்துக் காட்டினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தெருவில் சிவப்பு மை வேறு யாரிடம் இருக்கிறது?

“என்ன டீச்சர், ராத்திரி கதவைத் தட்டினா திறப்பீங்களாக்கும்? தனியா வேற இருக்கீங்க” என்று சிரித்தார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள்.

“நான் எழுதலை” என்றேன்.

“சரித்தான், பேனாவா எந்திரிச்சு வந்து எழுதுச்சு? நம்ம பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிறவங்க இப்படி எழுதலாமா? எங்க வீட்டுக்காரர் பார்த்தா என்ன சொல்லுவாரு?”

வேலை போய்விடும், அறையைக் காலி பண்ணச் சொல்வார்கள், எந்த முகத்தை வைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவது என்று எல்லாம் ஒரே சமயத்தில் ஓடிற்று. கூடவே, இந்தப் பொம்பளை என்னைப் பார்த்துச் சிரிப்பதா என்கிற ஆங்காரம்.

“நான் எழுதலைங்கிறேன். எழுதினவ உங்க வீட்டுக்கு வரப்போறவதான். அவளைப் போய்க் கேளுங்க” என்றேன்.

வாய் தவறி விழுந்துவிட்டது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்துதான் சொன்னேன். “நான்தான் எழுதினேன், இப்ப என்ன?” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. நாலு நாள் பேசுவார்கள், கமிட்டியில் கூப்பிட்டுக் கண்டிப்பார்கள். மிஞ்சிப்போனால் வேலை போயிருக்கும், வேறு ஊரில் வேறு பள்ளிக்கூடம் பார்த்திருப்பேன். அவளுக்கு அந்த ஒரு கல்யாணம்தானே இருந்தது.

பத்து நாளில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து எதிர்வீட்டுக்கு ஆள் வந்தது. ஜாதகத்தை இன்னொருத்தரிடம் காட்டினதில் பொருத்தம் இல்லை என்று சொல்லிவிட்டாராம், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று பதமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். உள்ள காரணம் மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. சொன்னது நான் என்பது மட்டும் எப்படியோ எதிர்வீட்டுக்குள் போய்ச் சேரவில்லை.

அவளுடைய ஆத்தா என் வாசலில் வந்து நின்று கத்தினார். “எம்புள்ளைக்கு இதெல்லாம் கத்துக் குடுத்தது நீங்கதானே? ஒங்க ரூமு, ஒங்க பேனா! நல்லா இருப்பீங்களா நீங்க?”

பின்னாலேயே அவள் ஓடிவந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. “டீச்சருக்கு ஒண்ணும் தெரியாது ஆத்தா. அவங்க குளத்துக்குக் குளிக்கப் போயிருந்தாங்க. நானாத்தான் பேனாவை எடுத்து எழுதினேன். வா இங்கிட்டு” என்று ஆத்தாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

நான் பாதி சாத்தின கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வெளியே வரவில்லை.

புத்தகம் மற்ற வீடுகளைச் சுற்றிவிட்டு என்னிடம் திரும்பி வந்தது. பென்சிலில் எழுதின அத்தனை பேரும் அழித்திருந்தார்கள். தாள் முழுக்க அழுக்கான தேய்ப்பு, நடுவில் அவளுடைய இரண்டு வரி மட்டும் சிவப்பாக. என்னுடைய வரி அழியாமல் மூலையில் இருந்தது. ரப்பரை எடுத்து நானும் தேய்த்துவிட்டேன். கொஞ்ச நாளில் அந்த ஊரில் இருக்கப் பிடிக்காமல் வேறு பள்ளிக்கூடத்துக்கு எழுதிப்போட்டு, கிளம்பிவிட்டேன்.

அறுபதுகளின் நடுவில் ஒரு நாள், குளத்தூர்க் கடைவீதியில் “டீச்சர்!” என்று ஒரு குரல். அவள்தான். இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பெரிய ஒரு பிள்ளை. அந்தப் பெரிய பிள்ளை மூத்த தாரத்துக்குப் பிறந்தது என்று அவளே சொன்னாள். விடமாட்டேன் என்று வீட்டுக்குக் கூட்டிப்போனாள். பூட்டைத் திறந்து, “உள்ள வாங்க டீச்சர், உக்காருங்க” என்று பாயை விரித்தாள். வீட்டில் ஒரு புத்தகம்கூட என் கண்ணில் படவில்லை.

“படிக்கிறதுண்டா?” என்று கேட்டேன்.

“இவுகளுக்குப் பிடிக்காது டீச்சர். அந்தப் பொஸ்தகம் இருக்கா? எல்லாரும் எழுதினது அப்படியே இருக்கா?”

“இருக்கு” என்றேன்.

காபியை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“ஒங்ககிட்ட ஒரு மன்னிப்புக் கேக்கணும்னு இத்தனை வருஷமா மனசுல கிடக்குது டீச்சர். சிவப்பு மையில எழுதினா ஒங்க தலையில வந்து விடியும்னு எனக்குத் தோணவே இல்லை. எங்க ஆத்தா வேற ஒங்களை அப்படிப் பேசிருச்சு. நல்லவேளை, அந்தம்மா எப்படியோ என் கையெழுத்தைக் கண்டுபிடிச்சிட்டாங்க. இல்லாட்டி ஒங்க வேலையில்ல போயிருக்கும்?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“பரவாயில்லம்மா” என்றேன்.