வடக்குக் கிளை ஆற்றின் கேட்

ரெய்னோ காங்காஸ் எங்கள் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இங்குள்ள பாதிப் பேரைச் சிறுவயதில் அதட்டி உட்கார வைத்தவர் அவர்தான். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒரே வேலை. குளிர்கால மழையில் கடலிலிருந்து ஆறேறி வரும் ஸ்டீல்ஹெட் மீனைத் தேடி, மரக் கம்பெனியின் காட்டுப் பாதைகளில் வண்டி ஓட்டுவது. போன வருடம் லேசான பக்கவாதம் வந்தது. அதிலிருந்து பக்கத்து வீட்டுக்காரியான நானும் கூடப் போகிறேன். முதியோரைப் பராமரித்துச் சம்பளம் வாங்கியவள் நான்.

ஆற்றின் வடக்குக் கிளைக்குப் போகும் பாதையில் ஒரு குழாய்க் கேட் இருக்கிறது. அதன் சங்கிலியில் இரண்டு பூட்டுகள் ஒன்றோடொன்று கோத்திருக்கும். ஒன்று கம்பெனியுடையது, மற்றது உள்ளே நிலம் வைத்திருப்பவருடையது. எதைத் திறந்தாலும் சங்கிலி விடும். திரும்பப் பூட்டும்போது அடுத்தவர் பூட்டில் கோத்துப் பூட்ட வேண்டும். நிலக்காரர் தன் சாவியில் ஒன்றை ரெய்னோவுக்குக் கொடுத்திருந்தார்.

அன்று ஆறு கலங்கத் தொடங்கியிருந்தது; முழுதும் கலங்கிவிட்டால் மீன் சிக்காது. கேட்டுக்குள் நுழைந்ததும் ரெய்னோ கொட்டும் மழையில் தன் பூட்டைச் சொடுக்கிவிட்டு வண்டிக்கு ஓடி வந்தார்.

"சீக்கிரம் எடு மேவிஸ், மீன் நமக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்?"

ஆற்றில் கால் வழுக்கி விழுந்தார். கரையோரக் கிளையில் சிக்கியதால் இழுத்துப் போட முடிந்தது. ஈரத் துணியைக் கழற்றி, கம்பளி சுற்றி, எப்படியோ பின் சீட்டில் ஏற்றினேன். கேட்டை அடைந்தபோது அவருடைய நடுக்கம் நின்றிருந்தது. அது நல்லதல்ல. உடம்பு போராடுவதை விட்டுவிட்டது என்று அர்த்தம்.

அவர் சட்டைப்பையில் சாவி இல்லை. ஆறு கொண்டுபோயிருந்தது. கேட்டருகே மட்டும்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும், ஆம்புலன்ஸை அழைத்தேன்.

ஆம்புலன்ஸில் புதிதாகச் சேர்ந்த டினீஸ் ஓட்டுநரோடு வந்தாள். அவளும் ரெய்னோவின் பேருந்தில் போனவள்தான். கையில் ஆம்புலன்ஸுக்கென்று கொடுத்திருந்த கம்பெனிச் சாவி இருந்தது. கம்பெனிப் பூட்டைத் திறந்தாள். சங்கிலி அசையவில்லை.

"எந்த மடையன் பூட்டினான்? கம்பெனிப் பூட்ட விட்டுட்டு சங்கிலியோட சங்கிலியா மாட்டியிருக்கான்!"

"மடையன் என் வண்டியில கிடக்கான்" என்றேன்.

பூட்டு இரும்புப் பெட்டிக்குள் இருந்தது, சங்கிலியோ கட்டைவிரல் தடிமன்; வெட்ட வழியில்லை. கேட்டின் இரு பக்கமும் பாறையும் பள்ளமும்.

"கைத்தாங்கலா நிக்க வச்சு, பாறை மேல ஏத்தி இறக்கிடலாம்" என்றாள் டினீஸ்.

"நிமித்தாத! இந்தக் குளிர்ல குலுக்கினா இதயம் நின்னுடும். படுத்த மேனிக்கு கேட்டுக்கு அடியில கொண்டு போகணும்" என்று தடுத்தேன்.

தார்ப்பாயை விரித்து அவரை உருட்டிக் கிடத்தினோம். அந்தப் பக்கமிருந்து அவர்கள் இருவரும் இழுக்க, இந்தப் பக்கம் நான் தலையைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தேன். அவர் வயிறு கேட்டின் கீழ்க் குழாயில் முட்டியது.

"பீரைக் குறைங்கன்னா கேட்டாத்தானே" என்று டினீஸ் முனகினாள். ரெய்னோ கண்ணைத் திறக்கவில்லை. மற்ற நாளில் சுடச்சுடப் பதில் கொடுப்பார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தார்ப்பாயை வெடுக்கென்று இழுத்தாள்.

"மெதுவா இழு. அழுகையெல்லாம் அப்புறம்" என்றேன்.

அவர் வயிற்றை அழுத்திப் பிடித்தேன். நழுவி அந்தப் பக்கம் போனார்.

ஆம்புலன்ஸில் அக்குளிலும் மார்பிலும் சூட்டுப் பைகளை வைத்தோம். வண்டி நெடுஞ்சாலையில் வெகுதூரம் ஓடியது. திடீரென்று ரெய்னோவின் பல் கிட்டித்து, கட்டிலே ஆடுமளவுக்கு உடம்பு உதறியது.

"ஐயோ, என்ன ஆச்சு?" என்று டினீஸ் பதறினாள்.

"ஒண்ணும் ஆகல. விடு, நல்லா நடுங்கட்டும்."