நீலமா, பச்சையா, மஞ்சளா?

குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்பது, சம்பளமே வாங்காமல் நாற்பத்தெட்டு வீட்டுத் திட்டையும் வாங்கிக்கொள்கிற உத்தியோகம். வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று உங்கள் தலையிலும் யாராவது இப்படி ஒன்றைக் கட்டியிருந்தால், மேலே படியுங்கள். அழுவதற்குத் துணை கிடைக்கும்.

மூன்றே நிறம்

திங்கட்கிழமை முதல் கழுத்தில் அட்டை இல்லாதவர் கேட்டைத் தாண்டக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம். சொந்தக்காரருக்கு நீலம், வாடகைக்காரருக்குப் பச்சை, வேலைக்காரருக்கு மஞ்சள். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று வளர்ந்தவளாயிற்றே, ஒரே மத்தியானத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் கதவிலேயே மாட்டிக்கொண்டேன். மூன்றாம் மாடி ராதம்மா டீச்சர். வீடு துபாயில் இருக்கும் மகன் பேரில். நீலம் கொடுக்கப் பத்திரம் வேண்டும், பச்சை கொடுக்க வாடகைச் சீட்டு வேண்டும். "விருந்தினர்னு எழுதிக்கட்டுமா டீச்சர்?" என்று வாயை விட்டேன். இருபது வருஷமாக அந்த வீட்டைப் பெருக்கித் துடைக்கிறவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மலையாளத்தில் கேட்டார்: "அப்போ ஞான் இவிடெ ஆரா, மோளே?"

விருந்தாளி செல்வி

செல்வி பதினோரு வருஷமாக என் வீட்டிலும் இதே கட்டடத்தில் இன்னும் நாலு வீட்டிலும் வேலை செய்கிறாள். மஞ்சள் அட்டை இல்லையென்றால் திங்கட்கிழமை ஐந்து வீடும் போச்சு. அட்டைக்கு முன்னால் ஒரு படிவம். அதில் இரண்டு வகை: உள்ளூர்க்காரருக்கு ஒன்று, வெளியூரிலிருந்து வருகிற 'அதிதித் தொழிலாளி'க்கு ஒன்று. அதிதி என்றால் விருந்தாளி. மரியாதையாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். சங்கத் தலைவர் அவள் தமிழைக் கேட்டதுமே இரண்டாவதை நீட்டினார்.

"ஊர் எது?"

"பழவங்காடி, சார்."

"அது தாமசிக்குன்ன ஸ்தலம். நாடு எவிடெயா?"

குடியிருக்கிற இடம் வேண்டாம், சொந்த ஊரைச் சொல் என்கிறார். செல்வியின் அப்பா திருநெல்வேலியிலிருந்து இதே ஊர்ப் பழவங்காடிக் கடையில் மூட்டை தூக்க வந்தவர்; அவள் பிறந்தது அந்தக் கடைக்குப் பின்னால் உள்ள சந்தில். திருநெல்வேலியைக் கல்யாண வீடுகளில் பார்த்ததோடு சரி. செல்வி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "விருந்தாளின்னா சரி சார், நாளையிலேருந்து பாத்திரத்த யாரு தேய்ப்பா?"

நான் எந்தத் தமிழ்?

எனக்குப் பொறுக்கவில்லை. "நானும் தமிழ்தான். என் அப்பாவும் நாகர்கோவிலிலிருந்து வந்தவர்தான். எனக்கும் அதே படிவத்தைக் கொடுங்கள்" என்றேன். நாகர்கோவிலில் சித்தி மகள் என்னை 'மலையாளத்துக்காரி' என்றுதான் கூப்பிடுவாள் என்பதை இவரிடம் சொல்லவில்லை. இருக்கிற குழப்பம் போதும். தலைவர் பெருந்தன்மையாகச் சிரித்தார்: "ஏய், அது வேறே தமிழல்லே! மேடம் இங்கிலீஷ் பறையுமல்லோ!" இங்கிலீஷ் பேசுகிறவள் தமிழ் வேறு தமிழாம்.

ஞாயிறு சாயங்காலம் அந்த விருந்தாளிப் படிவத்தைக் கிழித்துப் போட்டேன். உள்ளூர்ப் படிவத்தை நானே நிரப்பி, செயலாளர் என்று கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி, செல்வியின் கழுத்தில் மஞ்சள் அட்டையை மாட்டினேன். கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். "படம்தான்க்கா திருடி மாதிரி இருக்கு."

திங்கட்கிழமை

காலையில் தேங்காய் வாங்கிக்கொண்டு திரும்பினால், கேட்டில் புதுக் காவலாளி. "கார்டு?"

அப்போதுதான் உறைத்தது. நாற்பத்தெட்டு வீட்டுக்கும் அட்டை போட்டவள் எனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. மறதி மட்டுமில்லை, வீடு கணவர் பேரில், வாடகை கொடுப்பதில்லை, எந்த நிறம் என்று எனக்கே தெரியவில்லை. சொந்தக்காரரா என்றான், விழித்தேன். வாடகையா என்றான், இல்லை என்றேன். தேங்காய்ப் பையைப் பார்த்தான். "அப்போ பணிக்கு வந்நதாணோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து செல்வி வந்தாள். மஞ்சள் அட்டையை அவன் முகத்துக்கு நேரே ஆட்டிவிட்டு, சொந்தம், வாடகை, வேலை, விருந்தினர் என்று கட்டம் போட்ட கேட் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "விடுங்கண்ணே, நம்ம அக்காதான். நான் எழுதித் தாரேன்."

அவள் என்னை எந்தக் கட்டத்தில் எழுதினாள் என்று பார்க்க, செயலாளருக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.