மோட்டார் இல்லாத உருளைக்கு வைத்த பொட்டு

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை செய்வது ஒரு பம்பு பட்டறையில். பாகங்களைக் கோத்து, ஓட்டிப் பார்க்கும்போது கரண்ட் மீட்டரைப் பார்த்து எழுதி, தாளின் அடியில் கையெழுத்துப் போட வேண்டும். போன வருடம் ஒரு சூப்பர்வைசர் சொன்ன எண்ணை அப்படியே எழுதிவிட்டேன். பம்பு திரும்பி வந்தது. முதலாளி எல்லார் முன்னாலும் தாளை நீட்டி, "இது யார் கையெழுத்து?" என்றார். இன்னொரு முறை நடந்தால் வேலை இருக்காது என்றார். அதிலிருந்து என் கண்ணைத் தவிர எதையும் நம்புவதில்லை.

அந்த நேரத்தில்தான் புது இன்ஜினியர் அந்த உருளையைக் கொண்டுவந்தார். ஆவடிப் பக்கம் ஃபிளாட்டில் குடியிருக்கும் தென்காசிக்காரர். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கான சாமான் என்றார்.

"வடிகட்டினது போக வெளியேறுற உப்புத்தண்ணியில அழுத்தம் அப்படியே இருக்கும்க்கா. அதை வச்சே உள்ள வர்ற கடல்தண்ணியைத் தள்ளுறோம். பெரிய பம்புக்கு வேலை குறையும், கரண்டும் குறையும்."

"மோட்டார் எங்க தம்பி?"

"கிடையாது. தண்ணியே சுத்திவிடும்."

நான் உருளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். போர்மேன் சிரித்தார். "இன்னாக்கா, சம்பந்தி ஊட்டு சீர்தட்டைப் பாக்குற மாதிரி மொறைச்சிகினு கீறே?"

ஓட்டினோம். உருளையைச் சேர்த்ததும், அவர் கொண்டுவந்த கரண்ட் மீட்டரின் முள் நிஜமாகவே இறங்கியது. என் சந்தேகம் இன்னும் கூடியது. மேசைக்கு அடியில் குனிந்து, ஒயரைத் தடவிக்கொண்டே சுவர் வரை போனேன். மீட்டரைத் தாண்டிக் கரண்ட் எடுக்கும் ஒட்டு எதுவும் இல்லை. "நாளைக்கு நம்ம மீட்டரை மாட்டிப் பாத்துட்டுத்தான் கையெழுத்து" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மூடியைக் கழற்றி, "ஒளிச்சு வைக்க இடம் இருக்கான்னு நீங்களே பாருங்க" என்று திறந்தபடியே விட்டுப் போனார். உள்ளே துளை துளையாக வெள்ளைப் பீங்கான்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மேசையைத் துடைத்து ஒவ்வொரு பம்பின் மோட்டார் தலையிலும் சந்தனப் பொட்டு வைப்பேன். இதற்கு மோட்டார் இல்லையே. நம்பாத சாமானாக இருந்தாலும் அதை மட்டும் விட்டுவிட மனம் வரவில்லை. பீங்கான் முகத்திலேயே ஒரு பொட்டு வைத்து, மூடியைப் போட்டு போல்ட் முறுக்கிவிட்டேன்.

இன்ஜினியர் வந்ததும் எங்கள் மீட்டரை மாட்டி ஓட்டினோம். முள் இறங்கவே இல்லை. அப்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தப்பித்தேன் என்று நினைத்து, அந்த எண்ணைப் பெரிதாக எழுதினேன்.

அவர் வேர்த்துப்போய் மூடியைத் திறந்தார். பீங்கானின் விளிம்பில் மஞ்சளாக ஒரு தீற்றல். மூடிக்கும் பீங்கானுக்கும் நடுவே முடி நுழையாத இடைவெளியில் சந்தனம் அப்பி, பீங்கானைச் சுற்றவிடாமல் பிடித்திருந்தது.

"சந்தனக் காப்பா சார்?" என்றார் போர்மேன். இன்ஜினியர் அவரையே முறைத்தார். "ஐய, நான் இல்ல நைனா!"

பேசாமல் இருந்திருந்தால் அந்தத் தாள் என்னைக் காப்பாற்றியிருக்கும். "நான்தான்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

கழுவிக் கோத்து, அதே மீட்டரில் ஓட்டினோம். முள் இறங்கியது. இன்ஜினியர் பேனாவை நீட்டினார். "பம்பை நிறுத்துங்க" என்றேன். முள் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. திரும்ப ஓட்டச் சொன்னேன். அதே எண்.

காலை எண்ணை அடிக்கவில்லை. அதன் பக்கத்தில் 'நான் வைத்த சந்தனத்தால் சுற்றவில்லை' என்று எழுதி, கீழே புது எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.