சிவப்பு நூல் கட்டிய ஹார்ட் டிஸ்க்

என் அக்காவைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘அளவுக்காரம்மா’ என்றால்தான் தெரியும். ஒருமுறை அவளிடம் அளவு கொடுத்தவர் இரண்டு வருடம் கழித்து வந்து நின்றாலும், "இடுப்பு முப்பத்தி நாலுதானே இருந்துச்சு, அதுக்குள்ள என்ன ஆச்சு?" என்று கேட்டு மானத்தை வாங்கிவிடுவாள்.

எல்லாம் ஞாபகசக்தி என்று தெருவே நம்பியது. உண்மையில் அது தையல் மிஷினுக்குப் பின்னால், அலமாரியின் கீழ்த்தட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கறுப்புப் பெட்டி. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். பட்டமளிப்பு அங்கியோடு நான் நிற்கும் படம், அவள் வீட்டு முன்னறையில் நடத்தும் கடையின் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்களிடம், "தம்பிதான், ஆனா அந்த அங்கிக்குத் தோள் சரியா வெட்டல பாருங்க" என்று காட்டுவாள். முதல் சம்பளத்தில், ஓர் அலுவலகம் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரை வாங்கி, இரண்டு ஹார்ட் டிஸ்க் பொருத்தி, அவள் அளவுகளைச் சேர்த்து வைக்கும் சர்வர் ஆக்கிக் கொடுத்தேன்; அதுதான் அந்தப் பெட்டி. ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதியும். "ஒண்ணு செத்தாலும் மத்தது காப்பாத்தும். இனிமே நோட்டை எல்லாம் தூக்கிப் போடுக்கா" என்று சொன்னவனும் நான்தான்.

பத்தாவதோடு நின்றவள் அக்கா. ஒரே வாரத்தில் போனில் அளவைத் தட்டிப் பெட்டியில் சேர்க்கப் பழகிவிட்டாள். பெட்டிக்கு ஓர் உறையும் தைத்தாள். காற்றாடி மூச்சு விடும் இடங்களில் மட்டும் வலைத்துணி வைத்து.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் போன் வந்தது.

"டேய், ஒரு டிஸ்க் போச்சுன்னு பெட்டி காட்டுது. ஆஸ்பத்திரி ஊழியருங்க அறுபது பேரோட அளவு அதுலதான் இருக்கு. திங்கட்கிழமை துணி வெட்டணும். மறுபடி அளவெடுக்க அவங்களை எந்த ஷிஃப்டுல போய்ப் பிடிக்கிறது?"

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். பதினோரு மணிக்கெல்லாம் புது டிஸ்கோடு அங்கே நின்றேன்.

கதவைத் திறந்தது மாமா. அக்காவின் கணவர், வேன் ஓட்டுகிறவர். "வாங்க டாக்டரே, நோயாளிக்கு இன்னும் மூச்சு இருக்கு" என்றார். அக்கா உள்ளறையில் வேறொரு துணியை வெட்டிக்கொண்டிருந்தாள்.

பழுதான டிஸ்கின் எண்ணைத் திரையிலிருந்து சீட்டில் எழுதிக்கொண்டு, பெட்டியை அணைத்துத் திறந்தேன். தையல்கடையில் இருக்கும் பெட்டி அல்லவா, உள்ளே பஞ்சும் பிசிறும். வலது டிஸ்கின் கேபிளில் ஒரு சிவப்பு நூல் சுற்றியிருந்தது. காற்றாடி இழுத்ததாக இருக்கும் என்று கத்தரித்துக் குப்பையில் போட்டேன். சீட்டில் இருந்த எண்ணை டிஸ்கில் ஒட்டியிருந்த எண்ணோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். ஒப்பிடவில்லை. போனது ஒன்றாம் டிஸ்க் என்றும் திரை காட்டியிருந்தது. அதை இடது பக்கம் வைத்தது நான். நான் வைத்தது எனக்குத் தெரியாதா?

இடதைக் கழற்றிப் புதியதை மாட்டி, சுவிட்சைப் போட்டேன். பெட்டி ‘டக்... டக்...’ என்றது. திரையில் ஓர் அளவுகூட வரவில்லை.

உள்ளறையில் கத்தரிக்கோல் நின்றது. "டேய், அது சீக்காளி சத்தமாச்சே! நல்லவனையா வெளிய எடுத்த?"

"இல்லக்கா, ஒண்ணாம் நம்பர் இடது பக்கம்..."

"போன வருஷம் தூசி தட்டுறப்ப ரெண்டையும் நான் இடம் மாத்திட்டேன்டா. மூணு வாரமா அதுல ஒண்ணு தட்டிக்கிட்டே இருந்துச்சு. விரல் வச்சுப் பார்த்து, சிவப்பு நூல் கட்டி வச்சேன். எங்க அந்த நூலு?"

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"மத்தது காப்பாத்தும்னு நீதானே சொன்ன!"

மாமா குப்பையிலிருந்து நூலை எடுத்துத் தூக்கிக் காட்டினார். "டாக்டரு ஆபரேஷனை நூல்லேருந்தே ஆரம்பிச்சிட்டாரு."

காது சுட்டது. சீட்டை எடுத்து, கழற்றி வைத்திருந்த டிஸ்கைப் புரட்டிப் பார்த்தேன். எண் வேறு. அப்படியென்றால் அது நல்ல டிஸ்க். அறுபது பேரும் அதற்குள் பத்திரமாக இருந்தார்கள். பெட்டியை அணைத்து நல்லதை மறுபடி மாட்டினேன். தட்டிக்கொண்டிருந்ததைக் கழற்றி, அந்த இடத்தில் புதியதை வைத்தேன். இந்த முறை பட்டியல் முழுதாக வந்தது. எந்த டிஸ்கைத் துடைத்து நகலுக்கு எடுத்துக்கொள்வது என்று திரை கேட்டது. இங்கே மாற்றிச் சொன்னால் இருக்கிற ஒரே நல்ல டிஸ்கும் துடைத்தெடுக்கப்படும்.

பொத்தானுக்குப் போன என் கையை அக்கா தட்டிவிட்டாள்.

"இரு. என் கடையில ஒருத்தர் அளவு சொன்னா இன்னொருத்தர் திருப்பிச் சொல்லணும். அப்புறம்தான் கத்தரி. படி."

துடைக்க வேண்டிய டிஸ்கின் எண்ணைத் திரையில் பார்த்துப் படித்தேன். கடைசியில் "ஏழு, கே, ஒன்பது, ரெண்டு." அவள் புது டிஸ்கின் எண் அச்சிட்ட அட்டைப்பெட்டியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஏழு, கே, ஒன்பது, ரெண்டு" என்றாள். "ம், வெட்டு."

அழுத்தினேன்.

நகல் முடிய மாலை ஆனது. அக்கா தலையை நிமிர்த்தாமல் அவ்வப்போது "எவ்வளவு?" என்பாள்.

"நாப்பத்தொண்ணு."

"அது யாரு இடுப்பு?" என்பார் மாமா.

நூறு சதவீதம் ஆனதும் அக்கா அந்தச் சிவப்பு நூலைச் செத்த டிஸ்கிலேயே மறுபடி கட்டி இழுப்பறையில் போட்டாள். "இன்னொண்ணு வாங்கு. அதுலயும் எல்லாத்தையும் ஏத்தி உன் வீட்ல வச்சுக்கோ. இந்த வீட்டுக்கே ஒண்ணு ஆனாலும் அளவு இருக்கணும்." முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டியது அது. வீட்டில் சர்வர் வைத்திருக்கும் என் அலுவலக நண்பர்கள் பலருக்கே இன்னும் தோன்றாதது.

திங்கட்கிழமை வரை அவளுக்குப் பொறுக்கவில்லை. நீலத் துணியை மேசையில் விரித்துச் சாக்பீஸை எடுத்தாள். பட்டியலில் முதல் ஆளைத் திறந்தேன்.

"கழுத்து பதினஞ்சரை."

"பதினஞ்சரை" என்று திருப்பிச் சொல்லிவிட்டுக் கோடு போட்டாள்.