பெட்டியைத் தொட்டதும் சுள்ளென்றது

போன வாரம் இந்த இடத்தில் என் பத்தி இல்லை. உடம்புக்கு என்ன என்று சில வாசகர்கள் பத்திரிகைக்கே போன் போட்டு விசாரித்தார்களாம். நன்றி. எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டில் ஒன்று நடந்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. என் கம்ப்யூட்டரைச் சரி செய்ய வந்த பெண், அதன் இரும்புப் பெட்டியில் கை பட்ட மறுகணம் விரலை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் உருண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டது.

"அண்ணே… இதுல கரண்ட் வருது."

"அது அப்படித்தான்மா. லேசா சுள்ளுனு இருக்கும். எனக்குப் பழகிடுச்சு" என்றேன் நான். சிரித்துக்கொண்டு வேறு சொன்னேன்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கம்ப்யூட்டர் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயசு ஆன பெட்டி அது. எங்கள் ஊர் திகாம் பத்துவில், வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் தரையிலேயே இருக்கும். காலையில் அதைத் திறந்துவிட்டு, போய்த் தேத்தண்ணி கலக்கி, குடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பத்தி எழுதுகிறவனுக்கு எப்படி இருக்கும்? ஆசிரியர் அங்கே கேட்கிறார், வட்டம் இங்கே சுற்றுகிறது!

நானே வைத்தியம் பார்த்தேன். வீடியோவில் ஒருவர் சொன்னார் என்று 'வேகம் கூட்டும்' மென்பொருள் ஒன்றைப் போட்டேன். இன்னொருவர் சொன்னார் என்று இன்னொன்று. கடைசியில் மூன்று சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றும் மற்ற இரண்டையும் வைரஸ் என்று காட்டிக்கொடுத்தது. வேகம்? வட்டம்கூட விட்டுவிட்டுத்தான் சுற்றியது.

"உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? தெரிஞ்ச ஆளக் கூப்பிடுங்க லா" என்றாள் என் மனைவி லோகா.

அப்படி வந்தவர்தான் சாமளா. சுங்கை லாலாங் தோட்டத்துப் பெண். முப்பத்தைந்து வயசு இருக்கும். சுங்கைப் பட்டாணியில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பல வருஷம் வேலை செய்தவர். அங்கே ஆள் குறைத்தபோது வெளியே வந்து, இப்போது மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பார்க்கிறார். வந்து உட்கார்ந்து ஐந்தே நிமிஷத்தில் என் மானத்தை வாங்கிவிட்டார்.

"அண்ணே, பொத்தானத் தட்டுனதும் இருபத்தி மூணு புரோகிராம் ஒண்ணா எழும்பி வருது. இத்தனையும் உங்களுக்கு வேணுமா?"

"எனக்கு எழுதுறதுக்கு ஒண்ணு போதும்மா."

"டிஸ்க்குல இடமே இல்ல. பூரா வாட்சப் வீடியோ. காலை வணக்கம், காலை வணக்கம், காலை வணக்கம்… யாருண்ணே இதெல்லாம் சேத்து வெக்கறது?"

அடுப்படியிலிருந்து லோகாவின் சிரிப்பு மட்டும் கேட்டது.

தேவையில்லாததை எல்லாம் அழித்துவிட்டு, உள்ளே தூசி எடுக்க வேண்டும் என்றார் சாமளா. சுவர் சுவிச்சை அடைக்கக் குனிந்தார். அப்போதுதான் கை பெட்டியில் பட்டது. அப்போதுதான் நான் அந்தச் சிரிப்பைச் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து, கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் பென்னை எடுத்துப் பெட்டியின் ஆணி ஒன்றில் வைத்தார். அதற்குள் இருந்த சின்ன விளக்கு மங்கலாக எரிந்தது.

"எர்த் சரியா இருந்தா இது எரியக்கூடாதுண்ணே. கோளாறு கம்ப்யூட்டர்ல இல்ல. உங்க வீட்டு வயர்ல. வேற எங்கயாச்சும் தொட்டா இப்படி சுள்ளுனு இருக்கா?"

"இல்லையே" என்றேன்.

"பாத்ரூம் பைப்புல இருக்கு."

லோகா. மாவு பிசைந்த கையோடு அடுப்படி வாசலில் நின்றாள்.

"ஹீட்டர் போட்டுக் குளிக்கறப்போ பைப்பப் புடிச்சா விரல்ல ஊசி குத்துற மாதிரி இருக்கு. நரம்புக் கோளாறோனு கிளினிக்குக்குக்கூடப் போனேன். டாக்டரு விட்டமின் மாத்திர குடுத்தாரு."

"எத்தன நாளாக்கா?"

"நாலஞ்சு மாசமா. இவருகிட்ட மூணு தடவ சொன்னேன். வயசாவுதுல்ல, அப்படித்தான் இருக்கும்னு சொன்னாரு."

சொன்னேன். மூன்று தடவையும் அதையேதான் சொன்னேன். ஒரு தடவை திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னேன்.

சாமளா செருப்பை மாட்டிக்கொண்டு குளியலறைக்குப் போனார். ஹீட்டரைத் திறந்துவிட்டு, டெஸ்ட் பென்னின் முனையைப் பைப்பில் வைத்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஹாலில் மங்கலாக எரிந்த அதே விளக்கு இங்கே பளிச்சென்று எரிந்தது.

நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"யாரும் எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடி, வீட்டு மெயின் சுவிச்சை அடைத்தார் சாமளா. காற்றாடி நின்றது. திரை அணைந்தது. வீடே அமைதியானது.

அந்த நேரத்தில் நான் கேட்டேன் பாருங்கள் ஒரு கேள்வி… "இன்னிக்குப் பத்தி அனுப்பணுமேம்மா?"

இரண்டு பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அடியே வாங்கியிருக்கலாம்.

லைசென்ஸ் உள்ள வயர்மேன் ஒருவருக்கு சாமளாவே போன் போட்டார். ஆ ஹோக் என்று பெயர். ஐம்பது வயசுச் சீனர். ஒரு மணி நேரத்தில் வந்தார். வாசலில் இருக்கும் மெயின் சுவிச் பெட்டியின் மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சியாப்பா புவாட் இனி?"

இதை யார் செய்தது என்று மலாயில் கேட்கிறார்.

சொல்லத்தான் வேண்டும். அதைச் செய்யச் சொன்னவன் நான்தான்.

ஆறு மாதத்துக்கு முன்னால், காலையில் லோகா குளிக்கப் போகும்போதெல்லாம் மெயின் சுவிச் 'டப்'பென்று விழும். வீடு முழுக்கக் கரண்ட் போய்விடும். அந்த நேரம் பார்த்துத்தான் நான் எழுதிக்கொண்டிருப்பேன். கம்ப்யூட்டர் செத்துப் போகும். சேவ் செய்யாமல் விட்ட பத்தி இரண்டு தடவை அப்படியே காணாமல் போனது. எனக்கு வந்த கோபம் இருக்கிறதே… கோயிலில் பழக்கமான நண்பர் ஒருவர், கொஞ்சம் வயர் வேலை தெரிந்தவர், அவரைக் கூப்பிட்டேன். பெட்டியைத் திறந்து பத்து நிமிஷம் ஏதோ செய்தார். "இனிமே விழவே விழாதுண்ணே" என்றார். சொன்னபடியே விழவில்லை. மகிழ்ச்சியில் அவரைக் கூட்டிப்போய் ஒரு தட்டு மீ கோரிங் வாங்கிக் கொடுத்தேன்.

அவர் என்ன செய்திருந்தார் தெரியுமா? கரண்ட் கசிந்தால் வீட்டுக் கரண்ட் மொத்தத்தையும் நிறுத்திக் காப்பாற்றுகிற சுவிச் ஒன்று அந்தப் பெட்டியில் உண்டு. விரல் நீளத்துக்கு ஒரு வயரைக் குறுக்கே போட்டு அதைச் செல்லாக்காசாக்கிவிட்டார். அது போதாது என்று, பச்சை நிற எர்த் வயரையும் பிடுங்கிக் கறுப்பு டேப்பில் சுற்றி ஓரமாகத் தள்ளிவிட்டார். வேலை சுத்தம்!

"அண்ணே, அந்த சுவிச்சுல கோளாறே இல்ல" என்றார் சாமளா. "கோளாறு ஹீட்டர்ல. உள்ள கம்பி கெட்டுப்போயி தண்ணியில கரண்ட் எறங்குது. அதத்தான் அந்த சுவிச்சு தெனமும் விழுந்து விழுந்து உங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருந்திச்சு. நீங்க அது வாயக் கட்டிட்டீங்க."

ஆ ஹோக் ஹீட்டரைக் கழற்றி வந்து தரையில் வைத்தார். உள்ளே பச்சைப் பாசி பிடித்தது மாதிரி அரித்துப் போயிருந்தது. லோகாவைப் பார்த்து, குளிக்கும்போது காலில் செருப்பு உண்டா என்று மலாயில் கேட்டார்.

ஆமாம் என்றாள். ஒரு தடவை அங்கே வழுக்கி விழுந்ததிலிருந்து ரப்பர் சிலிப்பரோடுதான் குளிக்கிறாள். ஆ ஹோக் கொஞ்ச நேரம் சிலிப்பரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நசிப் பாய்க்" என்றார். ஏதோ நல்ல நேரம்.

பிறகும் ஏதோ சொன்னார். எனக்குக் காதில் வேறு எதுவும் விழவில்லை. ஏனென்றால் அந்த சனிக்கிழமை ஈப்போவிலிருந்து மகள் வருவதாக இருந்தது. கூட நான்கு வயசுப் பேத்தியும். தண்ணீரைக் கண்டால் விடமாட்டாள். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடிப்போய், எட்டி அந்தப் பைப்பைத்தான் பிடித்துத் திருகுவாள். போன தடவை வந்தபோது ஹீட்டர் போடாமல் பச்சைத் தண்ணீரில் குளிக்க வைத்தோம். ஏன் அப்படி? வெயில் அதிகமாக இருந்தது… வேறு ஒரு காரணமும் இல்லை.

நான் நினைத்ததையே லோகாவும் நினைத்திருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மாவு அவள் விரலில் காய்ந்து போயிருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"சுவிச்சு விழுந்து கம்ப்யூட்டர் நிக்குதுன்னதும் ஒடனே ஆள் கூப்பிட்டீங்க. நான் சொன்னப்போ வயசுன்னு சொல்லிட்டீங்க."

சத்தம் போட்டிருந்தால் தேவலை. "தப்புதான்" என்றேன். அவள் எழுந்து கை கழுவப் போனாள். தண்ணீர்க் குழாயைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நொடி தயங்கினாள். அதையும் நான் பார்த்தேன்.

புதன்கிழமை முழுக்க ஆ ஹோக் வேலை பார்த்தார். எர்த் வயர் அதன் இடத்துக்குப் போனது. புது சுவிச், புது ஹீட்டர். சுவிச்சில் இருக்கும் சோதனைப் பொத்தானை என்னையே அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். 'டப்'. வீடு மொத்தமும் அணைந்தது. அந்தச் சத்தம் அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

வியாழக்கிழமை சாமளா மறுபடி வந்து என் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே காற்றாடி இருந்த இடத்தில் தலையணைப் பஞ்சு மாதிரித் தூசி. ஒரு மூலையில் பல்லி முட்டை ஓடு இரண்டு. பொரித்து, குடும்பத்தோடு போய்விட்டன! பிரஷ் வைத்துச் சுத்தம் செய்து, பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புது மாதிரி டிஸ்க் ஒன்றை மாட்டினார். என்னுடைய மூன்று 'வேக' மென்பொருளுக்கும் விடை கொடுத்தார். பெட்டியைத் தரையிலிருந்து மேசைக்கு ஏற்றினார். இப்போது பொத்தானைத் தட்டி நாற்காலியை இழுப்பதற்குள் எழுந்து நிற்கிறது.

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவ தூசி எடுங்க. தெரியாதத உள்ள போடாதீங்க. அது போதும்ண்ணே" என்றார். கம்ப்யூட்டர் பராமரிப்பு பற்றி எனக்குத் தெரிந்ததும் இனி அவ்வளவுதான்.

ஆனால் நாம் ஏன் இப்படி இருக்கிறோம்? ஓட்டுகிற காடியில் எஞ்சின் விளக்கு சிவப்பாக எரிந்தால் அதன் மேல் சாமி ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். கம்ப்யூட்டர் எச்சரித்தால், படிக்காமலே 'ஓகே' தட்டுகிறோம். தொந்தரவு நின்றால் போதும், தொந்தரவு எதனால் வந்தது என்று யாருக்கு வேண்டும்? அதிலும் வீட்டுப் பெண்கள் சொன்னால்… சரி, அதை நான் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

வெள்ளிக்கிழமை அந்தக் கோயில் நண்பரைத் தேடிப் போனேன். திட்டத்தான் போனேன். நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்துவிட்டது. திட்ட மனசு வரவில்லை. கெட்ட எண்ணம் உள்ளவர் இல்லை, யார் கூப்பிட்டாலும் ஓடிப் போய் உதவுகிறவர். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"உங்க வீடு மட்டும் இல்லண்ணே. இன்னும் மூணு வீட்டுல இப்படித்தான் செஞ்சி வெச்சிருக்கேன்."

எந்த வீடு, எந்த வீடு என்று கேட்டேன்.

மூன்றில் ஒன்று அவருடைய சொந்த வீடு! அன்று மத்தியானமே ஆ ஹோக்கைக் கூட்டிப்போய் அதைச் சரி செய்தோம். இரண்டாவது, கோயிலுக்கு எதிர்வீடு. அதையும் முடித்துவிட்டோம். மூன்றாவதுதான் சிக்கல். செர்டாங் பக்கம் ஒரு கல்யாணத்தில் இவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர், வீட்டில் சுவிச் விழுகிறது என்று சொல்ல, இவரும் அவர் மோட்டாரிலேயே ஏறிப்போய்ப் பத்து நிமிஷத்தில் 'சரி' செய்துவிட்டு வந்திருக்கிறார். பேர் கேட்கவில்லை. நம்பர் வாங்கவில்லை. பச்சை கேட், வாசலில் ரம்புத்தான் மரம். அவ்வளவுதான் ஞாபகம். கல்யாண வீட்டாருக்கும் ஆள் யாரென்று தெரியவில்லை.

சனிக்கிழமை பேத்தியை அவள் பாட்டியிடம் விட்டுவிட்டு, நண்பரும் நானும் அரை நாள் செர்டாங்கைச் சுற்றினோம். பச்சை கேட் ஏழெட்டுப் பார்த்தோம். ரம்புத்தான் மரம் அதற்கு மேல் பார்த்தோம். இரண்டும் சேர்ந்த வீடு கிடைக்கவில்லை.

திரும்பி வரும்போது நண்பருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. பத்தி எழுதும் என்னைத் தனக்குத் தெரியும் என்று இவர் பேச்சுவாக்கில் சொன்னபோது, ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் முதலில் இந்தப் பத்தியைத்தான் படிப்பேன் என்று அந்த மனிதர் சொன்னாராம்.

செர்டாங் அண்ணே, படித்து முடித்துவிட்டீர்களா? எழுந்து போய் மெயின் சுவிச்சை அடைத்துவிடுங்கள், வீட்டில் யாரையும் தொடவிடாதீர்கள், உடனே பத்திரிகைக்குப் போன் போடுங்கள் — ஆ ஹோக்கைக் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன்.