எட்டிக்கொட்டை வேகவைத்த பால்

எட்டிக்கொட்டையைப் பார்த்தால் அது விஷம் என்று நம்பவே தோன்றாது. கோட்டில் தைக்கிற பெரிய பட்டன் போலத் தட்டையாக, சாம்பல் நிறத்தில் மினுமினுவென்று இருக்கும். நான் மட்டும் அதைத் தொட்டால் மூன்று தடவை கை கழுவுவேன். "வைத்தியர் பொண்ணுக்கு இவ்வளவு பயமா?" என்று என் கணவர் கேலி செய்வார். வைத்தியர் பெண்ணாகப் பிறந்ததால்தான் அந்தப் பயம்.

அப்போது யுத்த காலம். பாலக்கரையில் குடியிருந்தோம். கணவருக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. காலையில் போனால் மாலையில் பட்டறைச் சங்கு ஊதிய பிறகுதான் வருவார். பகலெல்லாம் வீட்டில் நானும் மாமியாரும்தான். மாமியாருக்கு முந்தின வருஷம் பக்கவாதம் வந்து இடது கை துவண்டு போயிருந்தது. திருவெள்ளறையில் வைத்தியம் பார்த்துவந்த என் அப்பா, எட்டிக்கொட்டையை விஷம் முறியச் சுத்தி செய்து, பொடித்து, மாத்திரையாக உருட்டிக் கொடுத்தார். எட்டி என்ற பேரைக் கேட்டால் வாயில் போடமாட்டாரோ என்று நாங்கள் அதைச் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் விரல்கள் அசைந்தன. பிறகு கையைத் தோள்வரை தூக்கினார்.

அடுத்த தவணைக்கு அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. கொட்டைகளை மட்டும் ஆள் மூலம் அனுப்பி, செய்முறையைக் காகிதத்தில் எழுதியிருந்தார். நான் சின்ன வயதிலிருந்து பார்த்த வேலைதான். பசும்பாலில் கொட்டையை வேகவைத்தால் விஷத்தில் பெரும்பங்கு பாலில் இறங்கிவிடும். பிறகு தோலை உரித்து, உள்ளே இருக்கும் முளையைக் கிள்ளி எறிந்து, நெய்யில் வறுக்க வேண்டும். காகிதத்தின் கடைசி வரியை இன்றும் மறக்கவில்லை: "பாலை உடனே குழி தோண்டிக் கொட்டி மூடு. நாய்க்குக்கூட வைக்காதே."

மத்தியானம் மாமியார் தூங்கும்போது கொல்லையில் அடுப்பு மூட்டி வேகவைத்தேன். கொட்டைகளை எடுத்த பிறகு பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சிய பால் மாதிரியே நின்றது. பால்காரி அரைப்படிக்கு மேல் ஊற்றமாட்டேன் என்று முரண்டு பிடித்த நாட்கள் அவை. கொட்டத்தான் போகிறேன், ஆனால் கை வரவில்லை. துவைக்கிற கல்லின்மேல் மூடி வைத்தேன். அதற்குள் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று சத்தம் கேட்டது. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

திரும்பி வந்தபோது கல்லின்மேல் பாத்திரம் இல்லை.

அது சமையலறையில் இருந்தது. பக்கத்தில் மாமியார் கையில் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்த பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

"பூனை வாய் வைக்கிற மாதிரி பாலை வெளியில வச்சிட்டுப் போயிட்டியே! நானே தூக்கிட்டு வந்தேன் பாரு, ரெண்டு கையாலயும். காப்பியும் போட்டுட்டேன். உனக்கும் ஒரு டம்ளர் வச்சிருக்கேன். கொஞ்சம் கசக்குது. சர்க்கரை போடாத காப்பி வேற எப்படி இருக்கும்?"

சர்க்கரை ரேஷனான நாளிலிருந்து எங்கள் வீட்டுக் காப்பி கசப்புதான். எட்டியின் கசப்பு அதில் தெரியாமல் போய்விட்டது. அவர் டம்ளரில் இரண்டு மடக்குதான் மிச்சம் இருந்தது.

ஏதாவது பொய் சொல்லிச் சமாளிக்கலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"அத்தை, அது எட்டிக்கொட்டை வேகவச்ச பாலுங்க. உங்க மருந்துக்கு வச்சது."

அவர் என்னையே பார்த்தார். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைத்தேன். அடுப்புக்கரியை அரைத்துக் கரைத்துக் கொடுத்தேன், மறுபேச்சில்லாமல் குடித்தார். பக்கத்து வீட்டுக்காரரை டாக்டரிடம் ஓடச் சொன்னேன். ஜட்காவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பயம். எட்டி உள்ளே போனால் சத்தமும் குலுக்கலும் ஆகாது, உடம்பு வில்லாக வளைந்து இழுக்கும், மூச்சே நின்றாலும் நிற்கும் என்று அப்பா சொல்லியிருந்தார். உள்ளறையில் படுக்கவைத்து ஜன்னலைச் சாத்தினேன். என் கண்ணாடி வளையல்கள் குலுங்காமல் துணியைச் சுற்றிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில், "தாடை இறுகுதும்மா," என்றார்.

அப்போதுதான் சங்கு நினைவுக்கு வந்தது. பொன்மலைச் சங்கு ஊதினால் எங்கள் வீட்டு ஓடு அதிரும். தினமும் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருப்பவள் நான். அன்று அது ஊதவே கூடாது என்று மலைக்கோட்டைப் பிள்ளையாரிடமும் சமயபுரத்தாளிடமும் மாறி மாறிக் கெஞ்சினேன். கடிகாரம் கிடையாது. அவர் காதில் பஞ்சை அடைத்து, அதன்மேல் என் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஊதியது. அவர் முதுகு பாயைவிட்டு எழும்பியது. பல் கிட்டிக்கொண்டது. முகம் நீலம் பாரித்தது. கொன்றுவிட்டேன், கொன்றுவிட்டேன் என்று எனக்குள் ஒரே ஓலம். வாயைத் திறந்து அழக்கூட முடியவில்லை, அதுவும் சத்தமாயிற்றே.

சங்கு ஓய்ந்தது. உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. நீளமாக ஒரு மூச்சு வந்தது. வெகுநேரம் கழித்துத் தாடை விட்டதும், அவர் கேட்ட முதல் கேள்வி: "நீ குடிக்கலையே?"

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வாந்தியும் கரியும்தான் காப்பாற்றின என்றார். மாமியார் யாரிடமும் என்னைக் குறை சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து அவரே கேட்டார்:

"மாத்திரை எப்பம்மா வரும்? எட்டியா இருந்தா என்ன, கை வந்துச்சே!"

முறையாகச் சுத்தி செய்து அளவாகக் கொடுத்தால் அது மருந்துதான். எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கொட்டைகளை மறுபடி கையில் எடுக்க என்னால் முடியவில்லை. கொல்லையில் அந்தப் பாலைக் கொட்டிய குழியிலேயே அத்தனையையும் புதைத்திருந்தேன். "கொட்டை கிடைக்கலையாம், அத்தை," என்றேன்.

பொங்கலுக்குள் விரல்கள் மறுபடி மடங்கிவிட்டன. நான் காப்பி கொண்டுபோகும்போது, வலது கையால் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "உங்க அப்பாவுக்கு இன்னொரு கடுதாசி போடேம்மா," என்பார்.

"போட்டுட்டேன் அத்தை," என்பேன். ஒரு கடிதமும் போடவில்லை.